ஆயக்குடிக்கு ஒரு சனிக்கிழமை: டிபன் பாக்ஸில் போன கிழங்கும் பையில் வந்த பூவும்

முதலில் ஒரு வேண்டுகோள். இதை யாரிடமும் காட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், படம் எடுத்து வைக்காதீர்கள். நீங்கள் திண்டுக்கல்காரராக இருந்தால், அதுவும் எங்கள் தெருப்பக்கம் இருப்பவராக இருந்தால், தயவுசெய்து இந்த வரியோடு நிறுத்திவிடுங்கள். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். பெயரை எழுதப் போவதில்லை. அப்பாவின் பழைய போனில் போர்வைக்குள் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இதில் சிம் கிடையாது. பக்கத்து வீட்டு வைஃபை ஜன்னல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வரும். மணி பத்தே முக்கால். அம்மா முன்னறையில் படுத்திருக்கிறாள்.

இந்த வலைப்பதிவைப் படிக்கும் உங்களில் இரண்டு பேர், ஆயக்குடிக்கு எப்படிப் போவது, அங்கே காற்றுச்செடி வளர்க்கும் அக்கா வீட்டை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இன்று நான் போய்விட்டு வந்தேன். வழி, நேரம், செலவு எல்லாம் சொல்கிறேன். ஆனால் ஏன் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

புதிதாக வருபவர்களுக்காக: காற்றுச்செடிக்கு மண்ணும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். இலை வழியாகவே தண்ணீர் குடிக்கும். என்னிடம் மூன்று இருக்கின்றன. ஆயக்குடி கவிதா அக்கா தபாலில் அனுப்பியவை. தூண்டில் நரம்பில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். நரம்பு கண்ணுக்குத் தெரியாது. காலையில் வெயில் உள்ளே வரும்போது மூன்று செடிகளும் அந்தரத்தில் நின்று தூங்குவது போல இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, தலைகீழாக உதறி, காயவைத்து மறுபடியும் கட்டுவேன்.

எங்கள் வாசல் நிலைக்கு மேலே இன்னொன்றும் மண்ணில்லாமல் தொங்குகிறது. ஆகாச கருடன் கிழங்கு. உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிட்டால் காற்றைக் குடித்தே துளிர்க்கும், கண்ணேறு படாமல் காக்கும் என்பார்கள். அப்பா லாரி ஓட்டுகிறார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப எட்டு நாள், பத்து நாள் ஆகும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பண்ணுவார். முதல் கேள்வி, "வாசல்ல எப்படி இருக்கு?" கிழங்கைத்தான் கேட்கிறார். அம்மா வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து சொல்வாள். வாடியிருக்கிறது என்றால் அப்பா ராத்திரி எங்காவது பெட்ரோல் பங்கில் லாரியை ஒதுக்கிவிட்டுப் படுத்துத் தூங்குவார். தழைத்திருக்கிறது என்றால் விடிய விடிய ஓட்டுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய கிழங்கு காய்ந்து சுருங்கிப்போனது. அந்த வாரமே ஓசூர்ப் பக்கம் லாரி கவிழ்ந்து அப்பாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அதிலிருந்து அம்மா எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலைப் பார்க்கிறாள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், பகலில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் செடிகளை முக்கினேன். அம்மா ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் கிழங்கு ரெண்டே இலையோடு தொங்குகிறது. பாவமாக இருந்தது. இதுவும் காற்றுச்செடிதானே, இதுக்கும் தாகம் எடுக்காதா என்று நினைத்தேன். ஸ்டூல் போட்டு இறக்கி அதே வாளியில் போட்டேன். அரை மணி நேரம் என்றுதான் நினைத்தேன். தோழி வீட்டுக்கு நோட்டு வாங்கப் போனவள் பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வரும்போது நாலு மணி நேரம் ஆகியிருந்தது. நல்லவேளை, அம்மா வருவதற்குள் ஈரத்தோடு மாட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிலைப்படியில் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். நாற்றம் விரலில் ஒட்டிக்கொண்டது. அம்மா பார்ப்பதற்குள் துடைத்தேன். அன்று ராத்திரி கவிதா அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "தூக்கிப் போட்ராத. எடுத்துட்டு வா கண்ணு, பாக்கலாம்."

பயணம் இப்படி.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அம்மாவைத் தையல் கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டு போகும். எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று முந்தின நாளே சொல்லிவைத்திருந்தேன். அதனால் யூனிஃபார்மில்தான் கிளம்ப முடிந்தது. கிழங்கை இறக்கி, பாலிதீன் பையில் சுற்றி, என் டிபன் பாக்ஸில் வைத்து மூடினேன். வேறு பாத்திரம் எடுத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் 8.20க்கு. ஆயக்குடி டிக்கெட் நாற்பத்திரண்டு ரூபாய். சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். இடது பக்கம் உட்காருங்கள். அந்தப் பக்கம்தான் மலை கூடவே வரும்.

கண்டக்டர் என் யூனிஃபார்மைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்தை எப்பத்தா ஆயக்குடிக்கு மாத்துனாங்க?" என்றார். அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவர் மூக்கைச் சுருக்கி என் மடியைப் பார்த்தார். "அத்தைக்கு என்ன வெஞ்சனம் கொண்டு போற? அம்புட்டுச் சனமும் எந்திரிச்சு ஓடிரும் போலிருக்கே." பின் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டிபன் பாக்ஸை ஜன்னல் பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் காற்று மாறியது. ஆடி மாதக் காற்று. பழனிப் பக்கம் போகப் போக அது கூடிக்கொண்டே வரும். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து தலை வாரிக்கொண்டிருந்தன. மலை நீலமாக, எடையே இல்லாதது போல நகர்ந்தது. அதையும் யாரோ நரம்பில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காததால் கண் சொக்கியது. அரைத் தூக்கத்தில் அப்பாவின் லாரி சக்கரம் தரையில் படாமல் அந்த மலைக்கும் தென்னைக்கும் நடுவே மிதந்து போவதைப் பார்த்தேன்.

ஒட்டன்சத்திரத்தில் விழித்துக்கொண்டேன். அழுகின தக்காளியும் வெங்காயமும் கலந்த மார்க்கெட் வாசனை. அங்கே அப்பாவைத் தெரிந்தவர்கள் நிறைய. பஸ் பத்து நிமிஷம் நின்றது. பத்து நிமிஷமும் ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்தே இருந்தேன். என் ஷூவில் லேஸ் கிடையாது.

9.50க்கு ஆயக்குடியில் இறங்கினேன். ரோட்டோரம் முழுக்கக் கொய்யாக் கூடைகள். கவிதா அக்கா வீட்டுக்கு அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும், தோப்புகளுக்கு நடுவே மண் பாதை. விலாசம் இங்கே போட மாட்டேன். அவருடைய மாமியாருக்கு ஆட்கள் வருவது பிடிக்காது. பதிவுக்குக் கீழே கேளுங்கள், அக்காவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

மாமியாரைத்தான் முதலில் பார்த்தேன். களத்தில் கொய்யாவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "செடி பாக்கத்தான வந்த? போ போ, உள்ள தொங்குது" என்றார். பிறகு மருமகள் காதில் விழும்படி சத்தமாக, "மண்ணு வேண்டாமாம், உரம் வேண்டாமாம். எம்பையனையும் ஒரு கவுத்துல கட்டி மாட்டிப்போட்டாச் சோத்துச் செலவும் மிச்சம்" என்றார்.

"உங்க பையனுக்கு வாரத்துக்கு ஒருக்கா முக்குனாப் பத்தாதுங்க அத்தை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதுதான் கவிதா அக்கா. இருபத்தைந்து வயது இருக்கும்.

அந்த இடத்தை எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த நீளமான தாழ்வாரம். அதன் மூன்று பக்கமும் பச்சை வலை. உள்ளே நுழைந்தால் வெளிச்சம் தண்ணீர் போல ஆகிவிடுகிறது. பழைய சைக்கிள் ரிம்கள் கிடைமட்டமாகத் தொங்குகின்றன, ஒவ்வொரு கம்பியிலும் ஒரு வெள்ளிச் செடி. கவாத்து வெட்டிய கொய்யாக் கிளைகள், பட்டை உரிந்து வழவழவென்று, அவற்றின் கவட்டைகளில் செடிகள். சல்லடை, உடைந்த மின்விசிறிக் கூண்டு, தேங்காய்ச் சிரட்டை, எல்லாவற்றிலும் செடிகள். ஒரு மூலையில் நரைத்த தாடி போல ஒரு செடி உத்தரத்திலிருந்து தரை வரை இறங்குகிறது. காற்று ஒரு பக்கத்திலிருந்து வரும்போது எல்லாம் சேர்ந்து மெதுவாக ஒரு பக்கம் திரும்பி, செத்த நேரம் நின்று, பிறகு திரும்பி வருகின்றன. நான் கிணற்றின் அடியில் நிற்பது போல உணர்ந்தேன். பயம் எல்லாம் மேலே கரையில் நின்றுவிட்டது.

எல்லாவற்றுக்கும் முதல் செடி எது என்று அக்கா காட்டினார். அது வெளியூரிலிருந்து வந்தது இல்லை. தோப்பு ஓரத்து மாமரங்களில் ஒட்டிக்கொண்டு வளரும் ஆர்க்கிட்தான். அக்கா கல்யாணமாகி வந்த வருஷம், மரத்தின் சத்தை உறிஞ்சும் புல்லுருவி என்று நினைத்து, அவர் வீட்டுக்காரர் அதைக் கிளை கிளையாக வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறார். அது மரத்திலிருந்து எதையும் எடுப்பதில்லை, சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அக்கா ஒன்றைப் பொறுக்கி வந்து தேங்காய் மட்டையில் கட்டினார். இப்போது அதில் ஒரு கொத்துப் பூ. பழுப்பு இதழில் கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஊதா நாக்கு. கிட்டப் போனால் திராட்சை வாசனை. அதன் பக்கத்தில்தான் நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

மாமியார் களத்திலிருந்தே, "என்ன புள்ள செத்துச்சு அங்க?" என்று கேட்டார்.

அக்கா முகத்தைச் சுளிக்கவில்லை. கிழங்கை வெளியே எடுத்து அடிப்பக்கத்தை அமுக்கினார். விரல் உள்ளே போனது. மேல்பக்கத்தை நகத்தால் தட்டினார். டக் டக் என்று சத்தம் வந்தது.

"அடிதான் அழுகியிருக்குது கண்ணு. தலைப்பக்கம் கல்லாட்டம் இருக்குது பாரு. நீ இதைக் கொல்லலை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா கத்தியால் அழுகினதை எல்லாம் வெட்டி எறிந்தார். மிஞ்சியது உள்ளங்கை அளவு. வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பலை அப்பிக் காற்றில் வைத்தார். கிழங்கு தன் தண்ணீரைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் வெளியிலிருந்து ஊற்றினால் அழுகிவிடும். காற்றுச்செடியிடம் சேமிப்பு இல்லை, அதனால் முக்க வேண்டும். ரெண்டும் ஒரே மாதிரித் தொங்கினாலும் வேறு வேறு என்றார். துளிர் வர ஒரு மாதம் ஆகலாம், அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக்கூடாது. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிப்போடு கண்ணு. உன்ற அம்மா திட்டுனா ஒரு நாள் திட்டுவாங்க."

சரி என்று தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் உயரம்தான். நடு இலைகள் எல்லாம் வெட்கப்பட்டது போலச் சிவந்து, அதிலிருந்து மெலிதாக ஒரு ஊதாப் பூ, நுனியில் மஞ்சள் பொட்டு. நூற்றைம்பது ரூபாய். வாங்கினேன். பூ மூன்று நாள்தான் இருக்கும், ஒரு செடி வாழ்க்கையில் ஒரே முறைதான் பூக்கும் என்று அக்கா சொன்னார். பூத்த பிறகு தாய்ச்செடி மெல்ல மெல்லக் காயும். அதற்குள் அடியில் குட்டிகள் விட்டிருக்கும்.

12.15க்குத் திரும்பும் பஸ், அதே நாற்பத்திரண்டு ரூபாய். இரண்டு மணிக்கு வீட்டில் இருந்தேன். அம்மா வர ஆறு மணி ஆகும்.

நாலு மணி நேரம் இருந்தது. கிழங்கைப் பழைய கயிற்றில் வைத்து மாட்டினேன். மொட்டையாக, சாம்பல் பூசி, பார்க்கவே பயமாக இருந்தது. அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். ஜன்னலில் தொங்க வேண்டிய பூச்செடியை எடுத்துக் கயிற்றின் இடுக்கில், கிழங்கின் தலையில், செருகினேன். கீழே இருந்து பார்த்தால் கிழங்கே பூத்திருப்பது போல இருந்தது. ஒரு நாள் மட்டும், அம்மா பயப்படாமல் தூங்கட்டும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அம்மா செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இது பூக்கும்னே எனக்குத் தெரியாதேத்தா" என்றாள். அவ்வளவு மெதுவாக அம்மா பேசி நான் கேட்டதில்லை. நான் அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஏழு மணிக்கு அப்பா பேசினார். நாக்பூரில் லோடு ஏற்றி முடித்துவிட்டார். கூடப் போன டிரைவருக்குக் காய்ச்சல் வந்து ரயிலில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அப்பா தனியாகத்தான் ஓட்டி வர வேண்டும். அம்மா ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னாள், பூத்திருக்கிறது என்று. அந்தப் பக்கம் அப்பா சிரித்தார். "மெய்யாவா? அப்பக் காலையில நாலு மணிக்கு எடுத்துர்றேன். எங்கயும் படுக்கலை. பூ வாடறதுக்குள்ள வந்து பாக்கணும்ல. திங்கக்கிழமை வீட்டுச் சாப்பாடுதான்."

ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். தூக்கமில்லாமல். நான் செருகி வைத்த பூவைப் பார்ப்பதற்காக.

இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாலு மணிக்குள் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் மெசேஜ் எல்லாம் பார்க்க மாட்டார், பேசத்தான் வேண்டும், பேசுகிற போன் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. எழுந்து போவதற்குப் பதிலாக உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் போய்விடுவேன். முதலில் உங்களுக்குத் தேவையான குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் செடியை முக்காதீர்கள். உப்புப் படிந்து இலை வெளுத்துவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது. முக்கி எடுத்ததும் தலைகீழாக உதறுங்கள். நடுவில் தண்ணீர் தேங்கினால் இரண்டே நாளில் அழுகும். செம்புக் கம்பியில் கட்டவே கட்டாதீர்கள், அது செடிக்கு விஷம். நேர் வெயில் வேண்டாம். பூத்திருக்கும்போது பூவின் மேல் தண்ணீர் படக்கூடாது. பூ வாடியதும் செடி செத்துவிட்டது என்று எறியாதீர்கள், அடியில் விரலால் தடவிப் பாருங்கள், குட்டி இருக்கும். ஆயக்குடிக்குப் போனால் காலையிலேயே போங்கள். பதினோரு மணிக்கு மேல் காற்று பலமாகிவிடும், அக்கா வலையை இறக்கி மூடிவிடுவார். யூனிஃபார்மில் போகாதீர்கள்.

ஒருவேளை நீங்களும் கிழங்கை எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் டிபன் பாக்ஸில் மட்டும் வேண்டாம். நான் சோப்பு போட்டு மூன்று தடவை தேய்த்தேன், பிறகு புளி போட்டுத் தேய்த்தேன். நாற்றம் மூடியின் ரப்பரில் ஏறிவிட்டது, போகவே இல்லை. கடைசியில் திறந்தபடி அடுப்பு மேடைக்குக் கீழே, அம்மா பார்க்காத இடத்தில்

அம்மா கதவைத் தட்டுகிறாள்.

"ஏத்தா, முழிச்சுத்தான இருக்க? அப்பா லைன்ல இருக்காரு. அடுப்புக்குக் கீழ ஒளிச்சு வச்ச அந்த டிபன் பாக்ஸையும் எடுத்துக்கிட்டு வெளிய வா."